தனிமையில் நிகழாத அறங்கள்

விடுமுறை நாள்களை யோக முகாமில் கழிப்பது தமிழகத்து நடுத்தரக் குடும்பங்களின் புதிய வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது. ஆனைமலை அடிவாரத்திலும், ஆரோவில் சுற்றுப்புறத்திலும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மூன்று நாள், ஐந்து நாள், பத்து நாள் எனப் பலவகை முகாம்கள் நடைபெறுகின்றன. வைகறையில் விழித்தல், ஆசனம், மூச்சுப் பயிற்சி, அளவான உணவு, அலைபேசிக்கு ஓய்வு. திரும்பி வருவோர் முகத்தில் ஒரு தெளிவு இருப்பதை மறுப்பதற்கில்லை. களைத்துப்போன மக்கள் ஓரிடத்தில் ஒடுங்கியிருந்து தம்மைத் தாமே நோக்குவது நல்லதே. அதனை எள்ளி நகையாடுவது நம் கருத்தன்று. ஆயினும் அந்தத் தெளிவு எத்தனை நாள் நிற்கிறது, அது வேறு யாருக்கேனும் பயன்படுகிறதா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

இக்கேள்வியை மங்களூரில் நின்று கேட்கிறோம். கருநாடகக் கடற்கரையில் உள்ள நகரைச் சொல்லவில்லை. கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஊராட்சி ஒன்றியத்தைச் சொல்கிறோம். வெள்ளாறும் வெலிங்டன் ஏரியும் நனைக்காத நிலமெல்லாம் இங்கே வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. கிழக்கே விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலுக்கும் பீங்கான் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். கட்டணம் செலுத்தி மலையடிவார முகாமுக்குச் செல்லும் வசதி இப்பக்கத்தில் சிலருக்கே வாய்க்கும். ஆனால் முகாமில் கற்பிக்கப்படும் அறங்கள் மெய்யா பொய்யா என்று உரைத்துப் பார்க்கும் கல் இத்தகைய ஊர்களில்தான் இருக்கிறது.

யோகத்தின் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன் நிற்பவை இயமமும் நியமமும். பதஞ்சலி இயமத்தை ஐந்தாக வகுத்தார்: இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் குவியாமை. நியமமும் ஐந்து: தூய்மை, மனநிறைவு, தவம், தன்னைக் கற்றல், இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல். இவற்றுள் இயமத்தைப் பற்றி அவர் கூறும் ஒரு நிபந்தனையை முகாம் நடத்துவோர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். பிறப்பாலும் இடத்தாலும் காலத்தாலும் சூழ்நிலையாலும் எல்லை வகுக்கப்படாதபோதுதான் அது மாவிரதம் ஆகும் என்பது அவர் கருத்து. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், மதில் சூழ்ந்த ஒரு தோப்பில் பத்து நாள் மட்டும் காக்கப்படும் கொல்லாமை இடத்தாலும் காலத்தாலும் குறுகிய விரதம். தன் சாதிக்காரரிடம் மட்டும் காட்டப்படும் அருளோ பிறப்பால் குறுகியது. இரண்டும் மாவிரதம் ஆகா.

தமிழில் திருமூலர் இன்னும் ஓரடி முன்னே செல்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அவர் தரும் இயமப் பட்டியல் பதஞ்சலியின் ஐந்தோடு நிற்கவில்லை. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை ஆகியவற்றோடு அடக்கமும், நடுநிலை தவறாது செய்யும் ஆற்றலும், பகிர்ந்து உண்ணுதலும், கள்ளையும் காமத்தையும் விலக்குதலும் அங்கே இடம்பெறுகின்றன. இதில் ஊன்றி நோக்கத்தக்க ஒன்று உண்டு. பொய் சொல்லாதிருக்கத் தனிமை போதும். பேசாதிருந்தாலே பொய் இல்லை. களவாடாதிருக்கவும் தனிமை போதும். ஆனால் நடுநிலை காக்க வேண்டுமெனில் எதிரெதிரே இருவர் நிற்க வேண்டும். பகிர்ந்து உண்ண வேண்டுமெனில் பசித்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். குகைக்குள் ஒருவர் தனித்திருந்து இவ்விரண்டையும் பயிலவே முடியாது. யோகத்தின் முதற்படியிலேயே பிற மனிதரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் திருமூலர். நம் முகாம்கள் அந்தப் படியைத் தாண்டிக் குதித்து மூன்றாம் படியில் கால்வைக்கின்றன.

முகாமில் அறம் எளிதாக இருப்பதற்குக் காரணம் வேறெங்கும் இல்லை, அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பர்மாவில் பிறந்து வளர்ந்த கோயங்கா 1969இல் பம்பாயில் தொடங்கிய விபாசனைப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்திலும் அதே பத்து நாள் ஒழுங்குதான். அது பௌத்த வழி. எனினும் முதல் நாளே ஐந்து சீலங்களை ஏற்ற பின்னர்தான் தியானம் தொடங்குகிறது. அறம் முந்தி, பயிற்சி பிந்தி என்னும் வரிசையை அங்கே பிறழவிடுவதில்லை. உணவுக்கும் தங்குமிடத்துக்கும் கட்டணம் கிடையாது. முன்பு பயின்றோர் தரும் கொடையில் அடுத்து வருவோர் உண்கின்றனர். பொருள் குவியாமையைப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு கற்பிக்கும் சொகுசு விடுதிகள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அது நிற்க. அந்தப் பத்து நாளும் பேச்சில்லை, ஆகவே பொய்யில்லை. கையில் பணமில்லை, ஆகவே வஞ்சகமில்லை. சமைப்பவர் பிறர், ஆகவே அடுக்களைச் சண்டையும் இல்லை. சீலம் காக்கப்படுவது உண்மை. ஆனால் அதனைக் குலைக்க வல்லவை அனைத்தும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. இதனை அம்மையத்தாரும் அறிவர் போலும். பத்தாம் நாளே மௌனம் தளர்த்தப்படுகிறது. மறுநாள் வெளியேறுமுன் பேச்சும் உலகியலும் மெல்ல மீள ஒரு பகல் ஒதுக்கப்படுகிறது. அறிவார்ந்த ஏற்பாடு. ஆயினும் ஒரு பகல் மிகச் சிறிது.

வாயிலுக்கு வெளியே இருப்பது என்ன என்பதை இந்தப் பகுதியின் அண்மை வரலாறே சொல்லும். 2003ஆம் ஆண்டு சூலையில், விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணந்துகொண்ட இளைஞனும் இளம்பெண்ணும் ஊரார் கண்ணெதிரே நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். கொன்றவர்களுள் பெண்ணின் வீட்டாரே இருந்தனர். கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்டிக்கப்பட்டோருள் காவல் அலுவலரும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2025இல் ஆயுள் தண்டனைகளை உறுதிசெய்தது. கொல்லாமையைப் பற்றி இம்மாவட்டத்தில் பேச வருவோர் எவரும் இந்த நிகழ்ச்சியைச் சுற்றிக்கொண்டு செல்லக்கூடாது. எறும்பை மிதிக்காமல் நடப்பதும் புலால் தவிர்ப்பதும் நற்பழக்கங்களே. ஆனால் இந்த மண்ணில் கொலை மானத்தின் பெயராலும் வந்து நின்றிருக்கிறது. அன்று அங்கே கையோங்கியவர் சிலர். பார்த்துக்கொண்டு நின்றவர் பலர். பார்த்து நின்றவரின் கைகளில் குருதி இல்லை என்பதால் அவர்கள் இயமத்தில் நின்றார்கள் என்று எந்த யோக நூலும் ஒப்பாது.

மற்றொரு நிகழ்ச்சி இதற்கும் அண்மையது. 2024 சூன் மாதம், பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்துக் கூலி மக்கள் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மாண்டனர். உயிரிழந்தோர் 60க்கும் மேற்பட்டோர். மருத்துவமனை வாயில்களில் உறவினர் கதறிக்கொண்டிருந்த அதே வாரத்தில் சூன் 21 வந்தது. 2014ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்த உலக யோக நாள் அது. வழக்கம்போல் விரிப்புகள் விரிக்கப்பட்டன, கைகள் உயர்ந்தன, படங்கள் எடுக்கப்பட்டன. விழா நடத்தியவர்மீது நாம் குற்றம் சாற்றவில்லை. கள் விலக்கலை இயமத்தின் உறுப்பாகவே வைத்த ஒரு நூல் தமிழில் இருக்க, அந்த நாளில் அதனை நினைவூட்டி ஒரு சொல் உரக்க ஒலிக்கவில்லையே என்பதுதான் வருத்தம். கள்ளச் சாராயத்தைச் சட்டம் தடுக்கட்டும். அரசுக் கடையில் விற்கும் நல்ல சாராயத்தை யார் தடுப்பது? வருவாய்க் கணக்கில் வைத்துப் பார்க்கும்வரை அரசு அதற்கு விடை சொல்லப் போவதில்லை.

இத்துயரங்களைக் கண்டு மனம் குன்றத் தேவையில்லை. தவத்தையும் ஊர்வாழ்வையும் ஒன்றாகப் பிணைத்துக் காட்டியவர் இதே மாவட்டத்தில் வாழ்ந்தார். மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள் 1858 முதல் கருங்குழியில் தங்கியிருந்தார். 1865இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. அன்று எரியத் தொடங்கிய அது இன்றும் அணையவில்லை என்பதை அங்கு உண்டு வந்தோர் அறிவர். மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்துக்கு அவர் ஒதுங்கியது அதன்பின் 1870இல். சத்திய ஞான சபை எழுந்தது 1872இல். 1874 சனவரியில் அவர் அறைக்குள் சென்று கதவடைத்தார். இந்த ஆண்டுகளின் வரிசையை நோக்குக. அடுப்பு முந்தியது; தனிமை பிந்தியது. தியானம் கைகூடிய பின்னர் ஊருக்கு நன்மை செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. சாலைக்கு நிலம் தந்தவர் பார்வதிபுரத்து மக்கள். ஏறத்தாழ 80 காணி. பேரரசர் எவரும் கொடுத்த மானியம் அன்று அது. உழுது பிழைத்தோர் பிரித்துக் கொடுத்த மண். பொருள் குவியாமை என்று ஏட்டில் எழுதப்படுவது ஊர்க்காரர் நடுவே எவ்வாறு நிகழும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேடவேண்டியதில்லை. சீவகாருண்ய ஒழுக்கத்தில் அடிகள் பசியாற்றுதலை வீட்டின்பத்தின் திறவுகோலாகவே வைத்தார். திருமூலர் இயமத்தில் வைத்த பகிர்ந்துண்ணலை, அடுப்பும் அரிசியும் கொண்டு ஒரு நிறுவனமாக்கியது வடலூர்.

நம் காலத்திலும் இத்தகைய முயற்சிகள் இல்லாமல் இல்லை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிசி, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தையும், 1984இல் ஆழியாறு அறிவுத் திருக்கோயிலையும் நிறுவினார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்னும் அகத்தாய்வுப் பயிற்சிகள் ஆசனத்தோடு சேர்ந்தே அங்கு நடைபெறுகின்றன. சினத்தை ஆராய்பவர் தாம் யார்மீது சினம் கொள்கிறோம் என்று எழுதிப் பார்க்கிறார். அந்தப் பட்டியலில் வீட்டார் பெயரே முதலில் வரும். தம் மனைவி உலோகாம்பாள் பிறந்த ஆகஸ்டு 30ஆம் நாளை மனைவி நல வேட்பு நாளாக அவர் அமைத்ததைச் சிலர் புன்னகையோடு பேசுவர். ஓராண்டில் ஒரு நாள் போதாது என்பது மெய்தான். எனினும் துறவையே உயர்வென்று பாடிவந்த நாட்டில், யோகியின் அறத்தை முதலில் அளந்து பார்ப்பவர் அவர் மனைவி என்று ஏற்றுக்கொண்டது சிறு செய்தி அன்று.

அறத்துக்கு விலை கொடுக்க நேர்ந்த முகாம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காந்தியடிகள் 1915 மே மாதம் அகமதாபாத்தை அடுத்த கோச்ரபில் ஆசிரமம் தொடங்கியபோது, பதஞ்சலியின் ஐந்தும் அங்கே விரதங்களாக வைக்கப்பட்டன. ஆசிரம விரதங்கள் பின்னர் பதினொன்றாயின; உடலுழைப்பும், அஞ்சாமையும், தீண்டாமை ஒழிப்பும் அவற்றுள் அடங்கும். சில திங்களிலேயே தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட குடும்பம் ஒன்று சேர்க்கை கேட்டு வந்தது. சேர்த்துக்கொண்டார். உடனே நன்கொடைகள் நின்றன; கிணற்றில் நீர் எடுப்பதற்கே வசை கேட்க நேர்ந்தது; ஆசிரமத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. பெயர் சொல்ல விரும்பாத செல்வர் ஒருவர் 13,000 உரூபாய் கொண்டுவந்து கொடுத்திராவிடில் அந்த முயற்சி எங்கே சென்று முடிந்திருக்குமோ. விரதம் பட்டியலாக இருக்கும்வரை யாரும் சினம் கொள்ளவில்லை. ஒரு குடும்பத்துக்கு இடம் கொடுத்த அன்றுதான் சினந்தனர்.

மங்களூர்ப் பக்கமே இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. பெண்ணாகடம் இங்கிருந்து தொலைவில் இல்லை. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பிறந்த ஊர் அது. அவர் குடும்பத்தின் குலகுருவான அருணந்தி, கல்வியில் பெரியவர், இளஞ்சிறுவர் ஒருவர் ஆசிரியராக இருப்பதைக் கேள்வியுற்றுச் சினந்து வந்து, ஆணவம் எப்படியிருக்கும் என்று வினவினாராம். மெய்கண்டார் வாய்திறவாமல் அவரையே அடிமுதல் முடிவரை நோக்கினார் என்பது சைவ மரபு. வினவியவர் விடையைத் தம் உருவிலேயே கண்டு அடிபணிந்து மாணாக்கரானார். முகாம் சென்று திரும்புவோருக்கு நேரும் முதல் நோய் இதுவே என அஞ்சுகிறோம். நான் தியானம் செய்பவன், நான் வெங்காயம் உண்ணாதவன், நான் விடியலில் எழுபவன் என்னும் செருக்கு. பத்து நாள் தவம் வீட்டில் உள்ள மற்றவரைக் கீழ்நோக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுக்குமாயின், செல்லாமலிருந்திருப்பதே மேல்.

இனி விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களுக்கு வருவோம். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுக்கும்போது கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலின் அடித்தளம். அதனோடு குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் அரைத்துச் சேர்த்து, கூழாக்கி, அச்சில் ஊற்றி, உலர்த்தி, சூளையில் வேகவைத்துப் பொம்மையும் அகலும் மின்சாதன உறுப்புகளும் செய்கின்றனர். அச்சு பிரித்து ஓரம் தேய்ப்பதில் பெண்கள் கை பெரிது. குவார்ட்சின் நுண்தூள் நீண்டகாலம் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அது வந்தபின் மீட்சி இல்லை. ஈரத்தோடு அரைத்தால் தூள் அடங்கும். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கருவி வைத்தால் குறையும். தகுந்த முகக்கவசம் தந்தால் இன்னும் குறையும். இவற்றில் ஒன்றும் மறைபொருள் அன்று. மூச்சுப் பயிற்சி கற்றுத் திரும்பும் தொழிற்கூட உரிமையாளர் ஒருவர் தம் ஆள்கள் எதை மூச்சாக இழுக்கின்றனர் என்று ஒரு பகல் நின்று பார்த்தாரானால், பிராணாயாமம் அவரிடம் முழுமை பெறத் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். சூளையில் வேகாத விரிசலை மெருகுப் பூச்சு மறைக்காது என்பது அத்தொழிலார்க்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கள்ளாமையும் அவ்வாறே. பிறர் பையில் கைவிடாதவர் நம்முள் பலர். ஆனால் மக்காச்சோளத்தை எடைபோடும்போது ஈரப்பதம் என்று சொல்லிக் கழிக்கும் கிலோ யாருடையது? பருத்தி எடுக்கும் பெண்ணின் கூலியில் பாக்கி வைக்கும் தொகை யாருடையது? கார்த்திகைக்கு முன் இரவும் பகலும் அகல் செய்தவருக்குத் தைப்பொங்கல் கடந்தும் கணக்கு முடிக்காதிருப்பதற்கு என்ன பெயர்? ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவேட்டில் வேலைக்கு வராதவர் பெயர் ஏறுமானால், வாய்மை, கள்ளாமை, நடுநிலை மூன்றும் ஒரே கையெழுத்தில் வீழ்கின்றன. அந்தக் கையெழுத்தை இடுபவர் வைகறையில் சூரிய வணக்கம் செய்பவராகவும் இருக்கக்கூடும்.

ஆகவே முகாம் நடத்துவோரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. மங்களூர் ஒன்றியத்திலோ விருத்தாசலத்திலோ யோக முகாம் நடத்துவதாயின் அதன் கடைசி இரண்டு நாளை மதிலுக்கு வெளியே வையுங்கள். ஒரு நாள் பயில வந்தோரே சமைத்து, ஊரும் சேரியும் ஒரே வரிசையில் அமர உணவு பரிமாறட்டும். யார் அருகில் யார் அமர மறுக்கிறார் என்பது அன்று தானே வெளிப்படும். மறுநாள் தராசு வைத்திருப்போர், கூலி கொடுப்போர், பதிவேடு எழுதுவோர் தத்தம் கணக்கை எடுத்துக்கொண்டு வரட்டும். அரசுப் பள்ளிகளும் சூன் 21 அன்று மாணவரை வெயிலில் நிறுத்திக் கை தூக்கச் செய்வதோடு அமையாமல், சத்துணவு வரிசையில் யார் யாரோடு அமர்கிறார் என்பதை ஆசிரியர்கள் ஒரு வாரம் கவனித்து வரச் செய்யலாம்.

அக்டோபர் 2ஆம் நாள் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. பெரும்பாலான ஊர்களில் தீர்மானம் படிக்கப்படுகிறது, கையெழுத்து வாங்கப்படுகிறது, கூட்டம் கலைகிறது. வேலைத் திட்டக் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அங்கே அமரும் ஒவ்வொருவருக்கும் உண்டு. இவ்வாண்டு முகாம் சென்று திரும்பியோர் ஒன்றியத்தில் எத்தனை பேர் என்று நாம் அறியோம். ஊருக்கு ஒருவர் எழுந்து கேட்டாலும் போதும். கேட்பவருக்கு அன்று பகை வரும். கோச்ரபிலும் அதுதான் வந்தது.